இடது பக்கத்து ரெகுலேட்டர்

"நீ கை வெச்சாலே வண்டி சூடாகுது."

இதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது. நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நீ கை வெச்சாலே வண்டி சூடாகுது, கோகிலா." நடு ரோட்டில், பழைய கார் கிளப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது. நீயும்தான் கேட்டாய். கேட்காதவள் மாதிரி அந்தப் பலாப்பழக் கடையைப் பார்த்து நடந்துவிட்டாய். நல்ல வளர்ப்பு. ஆனால் கேட்டாய்.

வா கண்ணு, இப்படி உட்காரு. கல்லைத் துடைத்துவிட்டேன். தீப்திதானே உன் பேர்? அந்தப் பச்சை ஜீப் வீட்டுப் பெண். கிளப்புக்குப் புதுசு, அதனால் சொல்லி வைக்கிறேன்: ஆம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டார்கள் என்றால் இப்போதைக்கு எடுக்க மாட்டார்கள். இது கல்லாறு. மலையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. குன்னூரில் மத்தியானச் சாப்பாடு என்றார்கள். எந்த நாள் மத்தியானம் என்று யாரும் சொல்லவில்லை.

காபி குடி. ஃப்ளாஸ்க் காபிதான். ஆனால் நான் போட்டது.

நான் கை வைத்தால் சூடாகிறதாம். முதலில் அந்த வண்டி யாருடையது என்று கேளு. கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். அது என் வண்டி. எங்கப்பா எனக்குக் கொடுத்தது. பொள்ளாச்சியில் நான் ஓட்டிப் பழகியது, லைசென்ஸ் வாங்கியது, எல்லாம் அந்த வெள்ளை அம்பாசடரில்தான். கல்யாணமாகிக் கோயமுத்தூர் கிளம்பும்போது நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "கல்யாணப் பொண்ணு ஸ்டீரிங் பிடிச்சுட்டு வந்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?" என்றார்கள் மாமியார். சரி என்று இடது பக்கம் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஆர்.சி. புக்கில் இன்றைக்கும் என் பேர். ஸ்டீரிங்கில் அவர் கை. காய்கறி வாங்க, கரண்ட் பில் கட்ட, வீட்டில் ஒரு சின்ன கார் இருக்கிறது. அதை நான் ஓட்டலாம். அதற்கு என் லைசென்ஸ் செல்லும். இதற்குச் செல்லாது.

இன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மலையில் என் வண்டியை நான் ஓட்டணும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும். இதில் என்ன தப்பு, சொல்லு? இரு, நான் முடித்துவிடுகிறேன், அப்புறம் சொல்லு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவருக்கு வண்டிப் பித்துப் பிடித்தது. ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்கு இது வந்தது. பழைய என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொரு வண்டியின் என்ஜினை உள்ளே வைத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி அனுமதி வாங்கித்தான் செய்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் யாரையும் அநாவசியமாகக் குறை சொல்கிறவள் இல்லை.

பழைய என்ஜினுக்கு முன்னால் ஒரு ஃபேன் இருந்தது. என்ஜின் சுற்றினால் பெல்ட்டில் அதுவும் சுற்றும். என்ஜின் நின்றால் நிற்கும். அதற்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். புது என்ஜின் நீளம். அந்த ஃபேனுக்கு இடமில்லை. அதனால் ரேடியேட்டருக்குப் பின்னால் கரண்டில் ஓடுகிற ஃபேன் இரண்டு வைத்தார். "வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தேவைக்குத் தக்கன சுத்தும்" என்றார்.

"தேவை எவ்வளவுன்னு அதுக்கு யாருங்க சொல்றது?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு பெட்டி இருக்குது. சூட்டைப் பார்த்து அதுவே முடிவு பண்ணிக்கும்."

அந்தப் பெட்டி புகைந்தது. அடுத்த பெட்டி புகையவில்லை. ஆனால் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடியது. வாசலில் ரைஸ் மில் வைத்த மாதிரி சத்தம். காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். மூன்றாவது பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, அதற்கு இஷ்டம் வந்த நாட்களில். கடைசியில் வெறுத்துப்போய்க் கையால் திருகுகிற ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டார். வீட்டில் சீலிங் ஃபேனுக்கு இருக்குமே, அது மாதிரி. எங்கே போட்டார்? ஸ்டீரிங் பக்கம் இடமில்லையாம். டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம், சரியாக என் முழங்காலுக்கு நேராக.

"கொஞ்சம் பார்த்துக்கோ" என்றார்.

கொஞ்சம்! கண்ணு, சூட்டைக் காட்டுகிற முள் ஏறின பிறகு ரெகுலேட்டரைத் திருகினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கிற கதைதான். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே கூட்டிவிட வேண்டும். ரோடு காலியாகி வண்டி வேகமெடுத்தால் எதிர்க்காற்றே போதும், குறைத்துவிடலாம். ஏ.சி. போட்டால் கொஞ்சம் கூட்டணும். இருட்டின பிறகு ரொம்பக் கூட்டினால் ஹெட்லைட் மங்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரெண்டு நடை போய்வந்ததும் கைக்குத் தானாகப் பிடிபட்டது. பழனி போனோம். வால்பாறை போனோம், அத்தனை வளைவு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வண்டி கொதித்ததா? கொதிக்காத வண்டியை யார் பாராட்டுகிறார்கள்? "என் செட்டப் எப்படி?" என்று கிளப்பில் இவர்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் தட்டில் வடையோடு நின்றேன்.

அதோ பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் என் மகள் மதுவந்தி. காலேஜ் கடைசி வருஷம். "அம்மா, அதைக் கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கறனே" என்பாள். உனக்கென்ன தெரியும், பேசாமல் வா என்பேன். இவளை நம்பி எதைக் கொடுக்கிறது? சமையலறையில் அவள் கை பட்டால் உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். கரண்டியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவேன். லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், அந்தச் சின்ன காரைக் கேட்பாள். முதலில் ஒரு ரசம் ஒழுங்காக வை, அப்புறம் பார்க்கலாம் என்பேன். பொறுமையே கிடையாது. யாருடைய குணமோ. அவங்கப்பா வீட்டு வழியாக இருக்கும்.

எங்கே விட்டேன்? ஆடியில் ரேடியேட்டர் ஒழுகியது. இவரே கழற்றி, ஓட்டையை அடைத்து, திருப்பி மாட்டினார். ஃபேனுக்குப் போகிற ஒயர் இற்றுப்போயிருக்கிறது என்று புது ஒயர் போட்டார். நாங்கள் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் செய்கிறோம், ஒயருக்கா பஞ்சம்? ரெண்டும் ஒரே கறுப்பு ஒயர். அன்றைக்குப் பிடித்தது சனி.

அன்னூரில் ஒரு கல்யாணம். சரவணம்பட்டி நெரிசல் தெரியும்தானே? நெரிசலுக்கு முன்னாலேயே நான் ரெகுலேட்டரைக் கூட்டினேன். முள் ஏறியது. இன்னும் கூட்டினேன். இன்னும் ஏறியது.

"என்ன பண்ணினே?"

"கூட்டினேனுங்க."

"கூட்டினா எப்படி ஏறும்? குறைச்சிருப்பே."

எது கூட்டுகிற பக்கம், எது குறைக்கிற பக்கம் என்று தெரியாதவளா நான்? ஓரம் கட்டி நின்றோம். பட்டுப் புடவையோடு, தலை நிறையப் பூவோடு, ஆவி பறக்கிற வண்டிக்குப் பக்கத்தில். போவோர் வருவோரெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தியில் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்த வாசகம் முதல் தடவையாக வந்தது. நீ கை வெச்சாலே. அப்புறம் அது பரவிவிட்டது. அவர் தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்தால், "அக்கா, மிக்ஸியைத் தொடாதீங்க, சூடாயிரப் போகுது" என்கிறாள். அவளுக்கு இட்லி வார்த்துக் கொடுத்துக்கொண்டே அதையும் காதில் வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை திருப்பூர் போகும்போது, அவருக்குத் தெரியாமல், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூடினேன். சுத்தமாக. முள் இறங்கியது. மெதுவாகக் கூட்டினேன். ஏறியது. மூடினேன். இறங்கியது. அவர் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவில்லை. வெளியே தள்ளுகிறது. வருகிற எதிர்க்காற்றையும் வழிமறிக்கிறது. தலைகீழாகச் சுற்றுகிறது.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? கல்யாணமான நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டில் நான் கேட்கிற பாட்டே அதுதான். ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து போன் வரும்: மோட்டார் ஓடுதுங்க, தண்ணி ஏறலீங்க. இவர் வாயில் சோற்றோடு சொல்வார்: "தலைகீழா சுத்துதுங்க. ரெண்டு ஒயரை மாத்திப் போடுங்க." முகம் தெரியாத மோட்டாருக்குப் போனிலேயே வைத்தியம். சொந்த வண்டி கண்ணுக்கு முன்னால் ஆவி விடுகிறது, அதற்கு நோய் என் கையில் இருக்கிறதாம்!

சொன்னேன். சொல்லாமல் விடுவேனா? சிரித்தார். "வீட்டு ஃபேனுக்கு ஒயரை எப்படி மாத்திக் குடுத்தாலும் ஒரே பக்கம்தாண்டி சுத்தும். மூணு ஒயர் மோட்டார்னாத்தான் அந்தத் தகராறு. இது ரெண்டே ஒயர்."

"அது வீட்டுக் கரண்ட். இது பேட்டரி. ப்ளஸ், மைனஸ் இருக்குது. எங்க ஸ்கூல்ல சிஸ்டர் பெனடிக்டா டார்ச் செல்லையும் ஒரு பொம்மை மோட்டாரையும் வெச்சுக் காட்டினாங்க. செல்லைத் திருப்பினா மோட்டார் திரும்பிச் சுத்தும்."

"ஆச்சு, கான்வென்ட் வந்துருச்சு" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. நான் எதை நிரூபித்தாலும் கான்வென்ட் வந்துவிடும். அவருக்குத் தெரியாததா? தெரியும். மனசுக்குள் போட்டுப் பார்த்தால் அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும். போட்டுப் பார்க்க வேண்டுமே. பம்ப் ஜெயவேல் என்று ஊரே சொல்கிற ஆள் ஒயரைத் தப்பாகப் போட்டார் என்று வருவதைவிட, பெண்டாட்டி கை சரியில்லை என்று வருவது சௌகரியம் இல்லையா?

காலையில் காபி கொடுக்கும்போதே கேட்டேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் நீங்க ஓட்டுங்க, மலையில நான் ஓட்டறேன் என்று. படிக்கும்போது குன்னூர் ஹாஸ்டலுக்கு வருஷா வருஷம் நான் போன ரோடு இது. எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்பது வரைக்கும் சொல்வேன். அதற்கு என்ன பதில் தெரியுமா? "ரெகுலேட்டர்ல கை வெச்சாலே சூடாகுது. ஸ்டீரிங்ல கை வெச்சா பத்திக்கும்." மதுவந்தி சிரித்தாள். சிரிக்கட்டும்.

சரி, கையே வைப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். காரமடை தாண்டியதும் முள் அசைந்தது. நான் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரே என் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி ரெகுலேட்டரை முழுசாகத் திருகினார். திருகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் முக்கால் பங்கு. கல்லாறில் ஆவி.

நான் மூடியிருந்தால் வண்டி கொதித்திருக்காதே என்கிறாயா? கொதித்திருக்காது. நான் எதற்கு மூட வேண்டும்?

ஆனால் பார், நான் தொடாமலே கொதித்தது. அப்படியும் இறங்கின உடனே என்ன சொன்னார்? நீ கை வெச்சாலே. கை வைக்கவே இல்லையே, மனுஷா!

நீ பலாச்சுளை வாங்கப் போனாயே, அப்போது நடந்ததைத்தான் நீ பார்க்கவில்லை. வண்டி ஆறினதும் நான் போய், "என்ஜின் வேண்டாம், சாவியைப் போட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க" என்றேன். உன் வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார். தங்கமான பையன், பத்திரமாக வைத்துக்கொள். ஒரு டிஷ்யூவை எடுத்து முன் கிரில்லுக்கு நேராகப் பிடித்தேன். ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால் காற்றை உள்ளே இழுக்கும், டிஷ்யூ கிரில்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை. திரும்பி வந்து என் மூஞ்சியில் அடித்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் பறந்தது. அடுத்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, போனில் அவர் பேசுகிற அதே குரலில் சொன்னேன்: "தலைகீழா சுத்துதுங்க. ரெண்டு ஒயரை மாத்திப் போடுங்க."

கிளப்பில் பாதிப் பேர் பம்ப்புக்காரர்கள். சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கெல்லாம் இறங்கி ஓடின.

அவர் முகத்தைப் பார்க்கணுமே. "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். சந்தேகப்பட்டாராம்!

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். செக்ரட்டரி சபரிநாதன் தன் டிக்கியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானே கூட்டிக் குறைக்கிற பெட்டி. இது நிஜமாகவே வேலை செய்யுமாம். "இதையும் இங்கேயே மாட்டிரலாம். அண்ணி ஜம்முன்னு தூங்கிட்டே வரலாம்" என்றார். அதற்கு இவர் சொல்கிறார்: "அப்ப இவளைக் கூட்டிட்டு வரோணும்னே அவசியமில்லையே."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் முன்னால் சிரித்த அதே ஆட்கள், அதே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மதுவந்தியும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மூன்று வருஷம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே போனதில், மலம்புழா போனபோது அணைக்கட்டைக்கூட நான் பார்க்கவில்லை கண்ணு. என்ஜின் கொதிக்காமல் பார்த்துக்கொண்டது நான். தலைகீழாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்தது நான். வண்டி என்னுடையது. கடைசியில் தேவையில்லாதது நான்! பெட்டியை மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். ஒயரை மட்டும் மாத்துங்க, பெட்டி மேல கை வெச்சா நடக்கிறதே வேற என்றேன். சபரிநாதன் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், மிட்டாய் திருடின பையன் மாதிரி.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கோபம் வந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன்.

நீ என்னவோ சொல்ல வந்தாயே? இரு. ஒயரை மாத்தியாச்சாம், கூப்பிடுகிறார்கள். "யாராவது உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்கிறார். யாராவது! அந்த யாராவது நான்தான். ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நீயும் வா.

இந்தக் கதவை இழுத்துச் சாத்தணும், கனம் ஜாஸ்தி. நீ ஜன்னலோரம் நில்லு. சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளி வைத்திருக்கிறார் பார், அவர் காலுக்கு. முன்னால் இழுக்கணும். ம். இப்போது எட்டுகிறது. என்ன மதுவந்தி அப்படிப் பார்க்கிறே? பின்னாலேயே இரு. அந்த ரெகுலேட்டரைத் தொடாதே, அதை அப்பா பார்த்துக்குவார்.

கேட்டாயா? ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. முள்ளைப் பார், நடுவில் வந்து நிற்கிறது. நிற்கும். ஏறாது. இதற்கு ஒரு ஆடி, ஒரு ஆவணி, ஒரு கல்யாணம், இத்தனை பேச்சு.

"ஆச்சு கோகிலா, ஆஃப் பண்ணிட்டு இறங்கு" என்கிறார். பானெட் தூக்கியிருக்கிறது, ஆளே தெரியவில்லை. குரல் மட்டும் வருகிறது.

நீ போய் உன் ஜீப்பில் ஏறு கண்ணு. எனக்குப் பின்னாலேயே வாங்க, உன் வீட்டுக்காரரிடம் சொல்லு. வளைவில் நான் ஹார்ன் அடிப்பேன்.

ஏனுங்க, நான் இறங்கப் போறதில்லை. வண்டி நல்லா இருக்குது. நீங்க இந்தப் பக்கமா வந்து ஏறுங்க, ரெகுலேட்டர் உங்க முழங்காலுக்கு நேராத்தான் இருக்கும். கொஞ்சம் பார்த்துக்கோங்க. எல்லாரும் ஏன் சும்மா நிக்கறீங்க? சபரிநாதன், தள்ளுங்க. எனக்கு முன்னால ரோடே தெரியலை.

ஏனுங்க. உங்களைத்தான்.

பானெட்டை மூடுங்க.